சதுர அடி பன்னிரண்டு ரூபாய்

பாம்பன் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால்,
ஐஸ் கம்பெனிக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் என் கடை.
காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, பூப்புனித நீராட்டு,
இடையிடையே
உலகத்தின் கொடுங்கோலர்கள்.

வில்லாயுதம் வந்தால் பின்னணி சிவப்பு.
‘அந்த நாட்டு அதிபர் இருக்கான்ல,
பத்திரிகைக்காரன் நாப்பது பேரைப் புடிச்சு உள்ள போட்டுட்டான்.
பல்லு ரெண்டை நீட்டி வைங்க.’
வைத்தேன்.
ரத்தம் சொட்டும் கை ஒன்று
கணினியில் எப்போதும் தயார்.
யார் கையோ.
எட்டு வருடமாக எல்லா நாட்டுக்கும்
அதே கைதான்.

மறுவாரம் சீனிக்கட்டி. அதே அதிபர்.
‘வல்லரசுக்கு வளையாத வைரம்னு போடுங்க.
பின்னாடி சூரியன் உதிக்கணும்.’
பத்திரிகைக்காரங்க?
‘அது அவுக உள்வீட்டு விசயம்.’
பல்லைக் குறைத்துச் சூரியனை ஏற்றினேன்.

சீனிக்கட்டிக்கும் ஒரு கொடியவன் உண்டு,
கிராமங்களைக் கொளுத்திய தளபதி.
அவனுக்குத்தான் வில்லாயுதத்தின் தலைவர்
விமான நிலையத்தில் பொன்னாடை போர்த்தினார்.
வரவேற்புப் பலகை பத்துக்கு நாற்பது,
நான்தான் அடித்தேன்.
கிராமத்தைப் பற்றிக் கேட்டேன்.
‘எரிஞ்ச வீட்டை எண்ணுனது யாரு?’ என்றார்.

கல்நெஞ்சக்காரர் இல்லை.
தொண்ணூறில் அக்கரையிலிருந்து வந்த சனத்துக்கு
மண்டபம் முகாமில் கஞ்சி வாளி தூக்கியவர்.
ஒரு பிள்ளையின் காலில் சன்னம் துளைத்த இடத்தை
இன்றைக்கும் சொல்லும்போது
குரல் உடைந்துவிடும் அவருக்கு.
அந்தக் குரல் ஏன்
ஒரு கடலை மட்டும் தாண்டுகிறது?
கேட்கவில்லை. பாக்கி வரவேண்டியிருந்தது.

எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்:
என் கடையில்தான் ஒரே அளவு.
கொலைகாரனோ கோமானோ
சதுர அடி பன்னிரண்டு ரூபாய்.

ஆடிக் காற்று எல்லாவற்றையும் கிழிக்கும்.
கிழிந்தது கருவாட்டுக்கு விரிப்பு, வலைக்கு மூடாக்கு.
குந்துகாலில் ஒரு குடிசைக்குக்
கிழக்குக் கூரை கொடுங்கோலன்,
மேற்குக் கூரை வைரம்.
ரெண்டுலயும் ஒழுகுது என்றாள் வீட்டுக்காரி,
என்னிடம் புகார் சொல்வதுபோல.

புரட்டாசியில் ஒருநாள்
சின்னப்பாலம் இன்னாசியம்மாள் வந்தாள்.
பாசி பறித்த விரல்களில் துணிச்சுற்று நனைந்திருந்தது.
முந்தானை முடிச்சில்
பாஸ்போர்ட் அளவுப் படம்.
மகன் ரெமிஜியுஸ்.
வெளிநாட்டு முதலாளியின் படகில் மீன்பிடிக்கப் போனவன்.
மூன்று வருடமாகச் சிறை. வழக்கும் இல்லை,
வாய்தாவும் இல்லை.
‘பேரு, படம், நாடு. அது போதும்யா.’

நாட்டின் பெயரைக் கேட்டதும்
வில்லாயுதத்துக்குப் போன் போட்டேன்.
‘அந்த மன்னரா? இப்பத்தானய்யா
தலைவர் கைகுலுக்கிட்டு வந்திருக்காரு.’
சீனிக்கட்டிக்குப் போட்டேன்.
‘அவரு நம்ம பக்கம்ணே. நேரம் வரும், பேசுவோம்.’

நேரம் வரும்.
நீர் வற்றும் நேரமும் ஏறும் நேரமும்
நிலாவைப் பார்த்தே சொல்கிறவளிடம்
அதை எப்படிச் சொல்ல?
சொன்னேன்.

திரையில் பழக்கதோஷமாய்
ரத்தக் கையை இழுத்து வைத்தேன்.
‘கை வேணாம்,’ என்றாள்.
‘யாரையும் வைய வேணாம்.
சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருக்கு,
அதை மட்டும் நேராக்கிவிடு.’

நான்குக்கு மூன்று.
நூற்று நாற்பத்து நான்கு ரூபாய்.
ஈரத் தாள்களை மேசையில் ஒட்ட வைத்து எண்ணினாள்.
வாங்கிக்கொண்டேன்.

இரவு கணக்கு நோட்டைப் புரட்டினேன்.
வில்லாயுதம், கட்சி ரேட், சதுர அடி எட்டு.
சீனிக்கட்டி, கட்சி ரேட், எட்டு, பாக்கி.
தளபதி எட்டு. வைரம் எட்டு.
பல்லுக்கும் சூரியனுக்கும் தனிக்கூலி கிடையாது.
இன்னாசியம்மாள் பன்னிரண்டு. ரொக்கம்.

நாற்பத்தெட்டு ரூபாயோடு
மறுநாள் சின்னப்பாலம் போனேன்.
நீர் வற்றியிருந்தது, பெண்கள் எல்லாம் கடலுக்குள்.
பேனரைச் சாலையில் கட்ட
அனுமதி வேண்டும், கட்சிக் கடிதம் வேண்டும் என்றார்களாம்.
திறந்திருந்த கதவு வழியே தெரிந்தது:
சுவரை முழுக்க அடைத்துக்கொண்டு அவன்,
காலர் நேராக.

பணத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.
நேற்று சீனிக்கட்டி வந்தார்,
புது அதிபர் ஒருவருடைய படத்தோடு.